வாசலுக்கு வராதவர்கள்

காலை ஆறரை மணிக்கெல்லாம் கவுன்சிலர் வீட்டு வாசலில் ஆட்கள் சேர ஆரம்பித்துவிடுவார்கள். தெருவிளக்கு எரிந்து மூன்று நாளாகிறது. சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. முதியோர் ஓய்வூதியம் இரண்டு மாதமாக வரவில்லை. மகளிர் உரிமைத் தொகைக்கு மேல்முறையீடு செய்தும் பதிலில்லை. பையனுக்குக் கல்லூரியில் இடம் வேண்டும், ஒரு கடிதம் கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, கட்டாயம் வந்துவிட வேண்டும். இத்தனைக்கும் பதில் சொல்லி, நடுநடுவே உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டு, எட்டரை மணிக்கு ஒரு துக்க வீட்டுக்கும் போய் வரும் மனிதரை நான் மதிக்கிறேன். 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாய் மதிப்பூதியம் கிடைக்கிறது. அதற்கு முன்பு கூட்டத்துக்கு வந்தால் படி, அவ்வளவுதான்.

ஆனால் இந்த வாசலைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் எனக்கு ஒரு கவலை உண்டு. யார் வாசலுக்கு வருகிறார்களோ அவர்களுடைய குறைதான் வார்டின் முன்னுரிமையாகிவிடுகிறது. தினமும் நாற்பது பேருக்குப் பதில் சொல்பவருக்கு, ஊர் முழுவதையும் கவனித்துவிட்டோம் என்ற நிறைவு வருவது இயல்பு. அந்த நாற்பது பேர் யார் என்று பார்க்க வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்கள். கட்சிக்காரர் யாரையாவது தெரிந்தவர்கள். சொந்த வீடும் வரி ரசீதும் உள்ளவர்கள். கேட்டால் கிடைக்கும் என்று முன்பே ஒருமுறை அனுபவப்பட்டவர்கள்.

விடியற்காலை துடைப்பத்தோடு கிளம்பிவிடும் துப்புரவுத் தொழிலாளி அந்த வாசலில் நிற்பதில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணயரும் தறிக்காரர் நிற்பதில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரோ, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில்லில் வேலை செய்கிற பிள்ளைகளோ வருவதில்லை. வார்டில் குறை மிகுந்த வீடுகள் பெரும்பாலும் இவர்களுடையவைதான்.

எங்கள் ஊர் கொங்குப் பக்கத்து நகராட்சி. விசைத்தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த ஊர். இங்கே குழாயில் இரண்டு தண்ணீர் வரும்: போர்வெல்லில் எடுக்கும் உப்புத் தண்ணீர் கிட்டத்தட்ட தினமும், ஆற்றிலிருந்து வரும் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறையோ பத்து நாளைக்கு ஒருமுறையோ. நல்ல தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்பது வால்வு திறப்பவருக்குத்தான் தெரியும். நடுராத்திரி வந்தால் தெருவே எழுந்து உட்காரும்.

பக்கத்து வார்டு கவுன்சிலர் ஒரு அக்கா, அறுபதை நெருங்கியவர். கணவர் வந்து அதிகாரம் செய்கிற வீடு இல்லை அது. அவரே வருவார், அவரே பேசுவார். அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. வந்தவர் பெயர், தெரு, என்ன குறை, யாரிடம் சொன்னது, முடிந்ததா என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார். இது பலரும் செய்வதுதான். அக்கா அதோடு நிறுத்துவதில்லை. மாதக் கடைசியில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தெருத் தெருவாக எண்ணுவார். எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்று பார்ப்பார்.

“இந்த லைன் வீட்டுப் பக்கம் இருந்து மூணு மாசமா ஒருத்தரும் வரலைங் தம்பி. எல்லாம் நல்லா இருக்குதுன்னா அர்த்தம்?” என்று கேட்டுவிட்டு, ஒரு சாயங்காலம் அங்கே கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

எதிரும் புதிருமாக ஒற்றை அறை வீடுகள், கடைசியில் இரண்டு கழிப்பறை, நடுவில் ஒரு குழாய். குழாயடியில் வண்ண வண்ணமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை போட்டிருந்தன, எல்லாம் காலி. குடியிருப்பவர்கள் தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து தறிக்கு வந்தவர்கள். நல்ல தண்ணீர்க் குழாய் அந்த லைனுக்கும் போகிறது. ஆனால் அது பைப்பின் கடைக்கோடி. மேலே உள்ள வீடுகளில் எல்லாம் நிறைந்த பிறகு மிச்சம் இருந்தால்தான் கீழே சொட்டும். பெரும்பாலும் சொட்டாது. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்கள். கூலியில் ஒரு பங்கு அதற்கே போகிறது. ஏன் வந்து சொல்லவில்லை என்று அக்கா கேட்டதும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் சொன்னார்: “எங்களுக்கு ஓட்டு ஊர்ல தாங்க்கா இருக்கு. வாடகைக்கு இருக்கறவங்க, இங்க யாருகிட்டப் போய்க் கேக்கறது?”

மறுநாள் அக்கா வால்வு திறப்பவரைக் கூப்பிட்டார். எஸ்டிமேட் இல்லை, டெண்டர் இல்லை. இனிமேல் நல்ல தண்ணீர் முறைக்குக் கீழ்த் தெரு வால்வை முதலில் ஒரு மணி நேரம் திறந்துவிட்டு, பிறகு மேல் தெருவுக்குத் திறப்பது என்று ஏற்பாடு. முதல் முறையே லைன் வீட்டுக் குடங்கள் நிறைந்தன. பைசா செலவில்லை.

அடுத்த நாள் காலையில் மேல் தெருக்காரர்கள் அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள். வரி கட்டுகிறவர்கள் நாங்கள், எங்களுக்கு ஃபோர்ஸ் குறைந்துவிட்டது என்று கோபம். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “உங்க வீட்ல சம்ப் இருக்குதுங்க. அங்க குடந்தான் இருக்குது.” சிலர் தலையாட்டினார்கள். சிலர் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

மக்கள் பிரதிநிதியின் முன்னுரிமை என்று நான் சொல்வது இதைத்தான். யாருக்கும் மனம் கோணாமல் எல்லோருக்கும் எல்லாம் செய்வதாகச் சொன்னால், அங்கே முன்னுரிமை என்பதே கிடையாது. ஒருவருக்கு முதலில் என்றால் இன்னொருவருக்குப் பிறகு. அந்த வரிசையைத் தீர்மானிக்கிற தைரியத்துக்காகத்தான் தேர்தல் வைத்து ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். இல்லையென்றால் மனு வாங்குவதற்குப் பெட்டி ஒன்று போதும்.

கேட்காதவர்களுக்காக வரிசையை மாற்றிய உறுப்பினர்கள் நம் ஊர்களில் முன்பும் இருந்திருக்கிறார்கள். 1920-இல் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது, தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல். மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராயர். பள்ளியில் படிப்பவர்கள் மிகவும் ஏழைகள், பசியினால் பள்ளியின் எண்ணிக்கையே குறைகிறது என்பது அவர் சொன்ன காரணம். பிள்ளைகளுக்கு ஓட்டு கிடையாது. அவர்களின் பெற்றோரில் பெரும்பாலோருக்கும் அன்றைக்கு ஓட்டு கிடையாது, சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்த காலம் அது. எவரும் மனு எழுதி வந்து நின்றதால் நடந்த காரியமாக அது எனக்குத் தெரியவில்லை. பள்ளியில் குறைகிற எண்ணிக்கையை ஒருவர் கவனித்து, காரணத்தோடு மன்றத்தில் வைத்திருக்க வேண்டும். திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது, சேர்க்கை கூடியது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவு செய்யக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு 1925-இல் தடை போட்டதும் தடுமாறியது. பின்னாளில் காமராசர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு என்று நீள்கிற வரலாற்றின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு மாநகராட்சி மன்றக் கூட்டத்தின் தீர்மானம்.

அதற்குச் சற்று முன்பு, முதல் உலகப் போர் முடிகிற ஆண்டுகளில், ஈரோடு நகராட்சித் தலைவராகப் பெரியாரும் சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜியும் இருந்தார்கள். காவிரித் தண்ணீரைக் குழாய் வழியாக ஈரோட்டுத் தெருக்களுக்குக் கொண்டுவந்ததைப் பெரியாரின் நகராட்சிப் பணிகளில் முதலாவதாகச் சொல்வார்கள். சேலத்தில் அக்ரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையைத் தாழ்த்தப்பட்ட சமூகத்தவர் ஒருவரிடம் ராஜாஜி கொடுத்ததும், அதற்கு எழுந்த எதிர்ப்புக்கு அவர் வளைந்துகொடுக்காததும் அவர் வாழ்க்கை வரலாற்றில் உண்டு. கொள்கையில் எதிரெதிர்த் துருவமாகிப்போன இருவரின் பொதுவாழ்வும் தண்ணீர்க் குழாயின் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இனி எம்.எல்.ஏ.க்களிடம் வருவோம். தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கிறது. சராசரித் தொகுதியில் சுமார் இரண்டரை லட்சம் வாக்காளர்கள். வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்குத் தலைக்கு நூற்றுச் சொச்சம் ரூபாய். இதை வைத்துக்கொண்டு நிழற்குடை, ஹைமாஸ் விளக்கு, கலையரங்கம், ரேஷன் கடைக் கட்டடம், பேவர் பிளாக் என்று செய்கிறார்கள். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தொகுதிக்கு எம்.எல்.ஏ. செய்யக்கூடியதில் இது மிகச் சிறிய பகுதி. பெரிய பணம் துறைகளிடம் இருக்கிறது. எந்தப் பள்ளிக்கு வகுப்பறை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரவு மருத்துவர், எந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு இரண்டாவது பைப்லைன் என்பதைத் துறைகளோடு மல்லுக்கு நின்று வாங்குவதில்தான் அவர் உழைப்பு தெரிய வேண்டும். அந்த உழைப்பில் கல்வெட்டு வைக்க இடம் கிடைக்காது. அதனாலேயே அது பின்னுக்குப் போய்விடுகிறது.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதினார். தொகுதியில் நீண்ட நாளாகத் தீராமல் இருக்கும் 10 கோரிக்கைகளை முன்னுரிமைப்படி மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள் என்றார். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் அதே கடிதம். இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பத்துதான் என்று எல்லை கட்டிவிட்டால் எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். வரிசை எண் போட்டால் இரண்டாவதை விட முதலாவது ஏன் அவசரம் என்று ஒருவர் மனதுக்குள்ளாவது வாதாட வேண்டும். ஆனால் என் தெருவில் ஒருவரிடமும் அந்தப் பத்து என்னவாக இருக்கலாம் என்று யாரும் வந்து கேட்கவில்லை. பட்டியல் போன பிறகும், இவைதான் அந்தப் பத்து என்று எங்கள் பஸ் ஸ்டாண்டிலோ நூலகத்திலோ ஒரு தாள் ஒட்டப்படவில்லை. தொகுதி மக்களை ஓரிடத்தில் கூட்டி எழுதியிருந்தால் பட்டியலில் நான்கைந்தாவது வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பட்டியலை எழுதும் கை யாருடையது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டது. எந்த ஊராட்சியின் தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்படும் என்பது ஏறக்குறைய குலுக்கல் போல முடிவானதால், ஒதுக்கப்பட்ட ஊரையும் ஒதுக்கப்படாத ஊரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. பெண் தலைவர்கள் உள்ள இடங்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவாகியிருந்தது. இரண்டு மாநிலங்களிலும் குடிநீர் பற்றி ஆண்களை விடப் பெண்களே அதிகமாக முறையிட்டிருந்தார்கள். குடத்தோடு நிற்பவர் நாற்காலியில் உட்கார்ந்தால் குடத்துக்கு வரிசையில் முன்னிடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, அதன்படி தேர்தலும் நடந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்த பெண்ணைப் பேசவிடாமல் அவர் வீட்டு ஆண் போனை எடுத்துப் பேசும் ஒவ்வொரு வார்டிலும் இந்தச் சட்டத்தின் பயனைத்தான் அந்த ஆண் தட்டிப் பறிக்கிறார். இதில் எனக்குப் பொறுமையே இல்லை.

நகரத்தில் பட்டியலை எல்லோரும் கூடி எழுதுவதற்கு இடம் இருக்கிறது. அதன் பெயர் பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை போல, வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை, அதற்கு மேல் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. நகர உள்ளாட்சிகளுக்கான 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993 ஜூன் 1 அன்று. தமிழ்நாட்டில் பகுதி சபைக்கும் வார்டு குழுவுக்குமான விதிகள் வந்தது 2022-இல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அன்றைக்கு ஊருக்கு ஊர் நல்ல பரபரப்பு. பிறகு பல ஊர்களில் பகுதி சபை எப்போது நடக்கிறது என்பதே தெரிவதில்லை. பகல் பதினொரு மணிக்கு வைக்கிறார்கள். ஒலிபெருக்கி ஆட்டோ விடுவதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப் பேர் வாசலுக்கு வருகிற அதே முகங்கள்.

எங்கள் ஊரில் அந்த அக்கா வார்டில் மட்டும் ஒரு முறை ஞாயிற்றுக்கிழமை மாலை, லைன் வீடுகள் இருக்கும் தெருமுனையிலேயே சாமியானா போட்டு வைத்தார்கள். தறிக்கு அன்றைக்கு லீவு. வழக்கமாக வராதவர்கள் பலர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேல் தெருக்காரர்களும் வந்தார்கள், தண்ணீர் விஷயத்தில் சண்டை போட. சண்டையும் நடந்தது. ஆனால் முதல் முறையாக இரண்டு தெருவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசின. ரோட்டைச் சுரண்டாமல் மேலுக்கு மேல் தார் போட்டதில் தன் வீட்டு வாசற்படி பள்ளமாகி, மழைக்கு மழை தண்ணீர் உள்ளே வருவதாக ஒரு பெரியவர் சொன்னார். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு 2021-லேயே உத்தரவு அனுப்பியிருந்ததை ஒரு கல்லூரிப் பையன் போனில் எடுத்துக் காட்டினான். அக்கா அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் அந்த ரோடு அஜெண்டாவில் வந்தபோது எழுந்து நின்று கேட்டார். வழக்கமாக ஐம்பது அறுபது தீர்மானங்கள் அரை மணி நேரத்தில் ‘ஆல் பாஸ்’ ஆகிற மன்றம் அது. அன்றைக்கு அந்த ஒரு தீர்மானத்துக்கு மட்டும் இருபது நிமிடம் ஆயிற்று. ‘பழைய தாரைச் சுரண்டி’ என்ற வரி தீர்மானத்தில் சேர்ந்தது.

மனு எதுவும் வராமலே எதிர்காலத்தை யோசித்த ஊராட்சிக்கு எங்கள் பக்கத்திலேயே பெயர் இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்த ஆர். சண்முகம், பவானித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொடுத்தார். தண்ணீர் இறைக்க மோட்டார் ஓடியதில் ஊராட்சியின் மின்கட்டணம் பல மடங்கு ஏறியது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி எந்த வீட்டிலிருந்தும் மனு வந்திருக்காது, அந்த பில் எந்த வீட்டுக்கும் போவதில்லை. அவருடைய காலத்தில் ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை நிறுத்தப்பட்டது. ஊராட்சிக்குத் தேவையானது போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்குப் போயிற்று. அந்தக் கிராமத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

இப்படிப்பட்ட நாற்காலிகளைக் காலியாக வைப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் அங்கேயும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அதிகாரிகளில் அக்கறையானவர்கள் உண்டு. ஆனால் நோட்டைப் பிரித்து வைத்து, எந்தத் தெருவிலிருந்து ஆள் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பது அவர்கள் வேலையாக யாரும் எழுதி வைக்கவில்லை. ஓட்டுக் கேட்டு அந்தச் சந்துக்குள் ஒருமுறையாவது நடந்தவருக்குத்தான் அந்தச் சந்து இருப்பது தெரியும்.

நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. வேட்பாளர்கள் வீடு வீடாக வரும்போது என் வீட்டுக்கு எதிரில் விளக்கு வேண்டும் என்று நான் கேட்கப்போவதில்லை. பகுதி சபையை ஞாயிற்றுக்கிழமையிலோ இரவு எட்டு மணிக்கோ வைப்பீர்களா, அங்கே முடிவான ஐந்து வேலைகளை வரிசை எண்ணோடு ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுவீர்களா, எது முடிந்தது எது முடியவில்லை என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சுவரில் எழுதுவீர்களா, இங்கே ஓட்டு இல்லாதவர்கள் குடியிருக்கிற லைன் வீடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்பேன். கடைசிக் கேள்விக்குத் தெரு பெயரோடு பதில் சொல்கிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அவரைப் பற்றி அடுத்த வீட்டிலும் போய்ச் சொல்வேன்.